தாம்பரம் இல்லாத எழும்பூர்

எழும்பூர் ரயில் நிலையத்தில் வேலை நடக்கிறது. 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டினார்கள். செலவு 730 கோடி ரூபாய்க்கு மேல். பழைய சிவப்புக் கட்டடத்தை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, சுற்றிலும் புதியதைக் கட்டுகிறார்கள். நடைமேடையில் கைவைக்க வேண்டி வந்தபோது, சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து கிளம்ப வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே பெட்டி, பைகளோடு மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் போனார்கள். கட்டட வேலையில் அந்த ஒரு வசதி உண்டு. இங்கே இடம் இல்லை, அங்கே போய் ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

எழும்பூருக்கு வருவதற்கு முன்பே நாம் எல்லோரும் ஏறி இறங்கும் இன்னொரு நிலையம் இருக்கிறது: ஐ.ஆர்.சி.டி.சி.யின் முன்பதிவுத் தளம். 2002-லிருந்து அதையும் பலமுறை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். ‘புதுப்பிப்பு வேலை நடக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று அங்கே அட்டை மாட்ட முடியாது. ரயில் முன்பதிவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இணையத்தில்தான் நடக்கிறது. அதைச் சாத்தினால் மாப்பிள்ளை வீட்டார், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், வேலூருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் என எல்லோருடைய பயணமும் நின்றுவிடும். அனுப்பிவைக்க ஒரு தாம்பரமும் கிடையாது. ஆகவே உள்ளே ஆள் இருக்கும்போதே சுவரை இடிக்க வேண்டும்.

இந்தத் தளத்தின் கதையை அதன் முகப்பின் நிறம் மாறிய கதையாகச் சொல்லலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட, ஒவ்வொரு முறை முகப்பு மாறியபோதும் பின்னால் எது மாறாமல் நின்றது என்பதில்தான் ஆர்வம்.

தொடக்கம் பேரேட்டில். கணினி வருவதற்கு முன் ஒரு ரயிலுக்கு, ஒரு தேதிக்கு, ஒரு பெட்டிக்கு என்று தனித்தனித் தாள்கள் இருந்தன. எந்த ரயிலுக்கு எந்த கவுன்டர் என்பதும் பிரித்தே வைக்கப்பட்டிருந்தது. தப்பான வரிசையில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும். குமாஸ்தா தாளைப் புரட்டி, காலியான வரியில் பெயரை எழுதி, அட்டை டிக்கெட்டில் முத்திரை குத்தித் தருவார். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் அந்த ஊருக்குத் தந்தி அடிப்பார்கள். பதில் வந்தால் இடம் உண்டு. வராவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே ஒரு வரிசை. விடிவதற்கு முன்பே துண்டு போட்டு இடம் பிடிப்பது அந்தக் காலத்து வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

1985-ல் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. எழுதிய மென்பொருள், டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடியது. மறு ஆண்டு ரயில்வே தகவல் அமைப்புகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்ற அமைப்பு உருவானது. எண்பதுகளின் முடிவுக்குள் மற்றப் பெருநகரங்களுக்கும், மெட்ராஸுக்கும், கணினி வந்துவிட்டது. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் 1985-ல்தான் எரிந்தது. பழைய புத்தகமும் கிராமஃபோன் தட்டும் விற்ற அந்த இடத்தில் எழுந்த ரயில்வே கட்டடத்துக்குத்தான் பிறகு மெட்ராஸ்காரர்கள் ரிசர்வேஷன் செய்யப் போனார்கள். வரிசை அப்போதும் இருந்தது. ஆனால் எந்த கவுன்டரில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் கிடைத்தது. நின்று பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, நிற்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனாலும் ஒவ்வொரு நகரத்துக் கணினியும் தனித் தீவாக இருந்தது. அவற்றை இணைக்கும் ‘கான்செர்ட்’ மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999 ஏப்ரலில்தான் எல்லா மையங்களையும் கோத்து முடித்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு டெல்லி - ஹவுரா டிக்கெட் எடுப்பது அதன் பிறகே சாத்தியமானது. இந்த ஐந்தாண்டு இணைப்பு வேலையின்போதும் கவுன்டர்கள் திறந்தேதான் இருந்தன. அதே 1999 செப்டம்பரில் ஐ.ஆர்.சி.டி.சி. பிறந்தது. இந்த இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால்தான் 2002-ல் இணைய முன்பதிவு சாத்தியமானது.

2002 ஆகஸ்டில் தளம் திறந்தபோது அது விற்றதை இன்று நினைத்தால் சிரிப்பு வரும். இணையத்தில் பணம் கட்டுவோம். காகித டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். அதனால் பயணத்துக்குச் சில நாள் முன்பே எடுத்தாக வேண்டும். கூரியர்காரர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது வேறு தலைவலி. கவுன்டரையும் தபால்காரரையும் சேர்த்துக் கட்டிய ஏற்பாடு அது. 2005-ல் மின் டிக்கெட் வந்தது. நாமே அச்செடுத்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். அச்செடுத்த தாளைக் கண்டக்டர் ஒத்துக்கொள்வாரா என்று பயந்து இரண்டு பிரதி எடுத்துப் போன பெரியவர்கள் உண்டு. பிறகு, கைபேசியில் வந்த எஸ்.எம்.எஸ். போதும் என்றார்கள். டிக்கெட் என்ற பொருளே பத்தாண்டுக்குள் மறைந்துவிட்டது.

இதுவரை எல்லாம் ஏறுமுகம். சிக்கல் கூட்டத்தோடு வந்தது.

தளம் பிரபலமான பிறகு, அதன் பலவீனம் ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் வெளிப்பட்டது: காலை 8 மணி. வழக்கமான முன்பதிவும் அப்போதுதான் திறக்கும், தட்கலும் அப்போதுதான் திறக்கும். இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் முட்டும். பக்கம் பாதி வந்து நிற்கும், அல்லது பணம் போன பிறகு நிற்கும். 2012 ஜூலை 10 முதல் தட்கலை 10 மணிக்குத் தள்ளினார்கள். அப்போதும் நெரிந்தது. 2015 ஜூன் முதல் ஏ.சி. வகுப்புகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று பிரித்தார்கள். இதைத் தளத்தின் சரித்திரத்தில் யாரும் வடிவமைப்பு என்று எழுதுவதில்லை. என் கணக்கில் அதுதான் மிகப் பெரிய மறுவடிவமைப்பு. கணினியை மாற்றச் சுணங்கியபோது, நாட்டின் காலை நேரத்தை மாற்றினார்கள். இன்றைக்கும் அலுவலகங்களில் 10 மணிக்கும் 11 மணிக்கும் சிலர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் கைபேசிக்குள் குனிவது அந்தப் பழைய சர்வரின் மிச்சம்தான்.

கூடவே தடைகளும் வளர்ந்தன. ஒரு கணக்கில் மாதத்துக்கு இத்தனை டிக்கெட்தான். ஏஜென்டுகளுக்கு முதல் அரைமணி கிடையாது. விரைவுப் பதிவு வசதி காலையில் வேலை செய்யாது. நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, கோணல் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. சில ஆண்டுகள் அந்தக் கோணல் எழுத்துக்குப் பதில் விளம்பர வாசகங்களை வைத்தார்கள். சோப்புக்கோ பைக்குக்கோ வந்த வாசகத்தை நம் கையாலேயே எழுத வைத்து, அதன் பிறகே நெல்லை எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டார்கள். அவசரத்தில் நிற்பவனைவிடக் கவனமாக விளம்பரம் படிப்பவன் உலகில் கிடையாது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அவருடைய சாமர்த்தியத்தை மெச்சலாம், அவரை மன்னிக்க முடியாது.

2014 ஏப்ரல் 28 அன்று ‘அடுத்த தலைமுறை’ மின் டிக்கெட் அமைப்பு வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவு 7,200 ஆனது. முகப்பும் மாறியது; ஆனால் அன்றைய செய்தி முகப்பு அல்ல, 10 மணிக்குப் பக்கம் திறந்தது என்பதுதான்.

முகப்பைத் தொட்ட உண்மையான வேலை 2018-ல் நடந்தது. அதை அவர்கள் செய்த விதத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு மே மாதக் கடைசியில், பழைய தளம் இருந்த இடத்திலேயே இருக்க, வேறொரு முகவரியில் புதிய தளத்தைத் திறந்தார்கள். பழையதில் நுழைந்தால் புதியதை முயன்று பாருங்கள் என்று ஓர் இணைப்பு. புதியதில் நுழைந்தால் பழையதுக்கே திரும்பிப் போக ஓர் இணைப்பு. சில காலம் இரண்டும் ஒன்றாக ஓடின. தாம்பரம் கிடையாது என்று மேலே சொன்னேன். அதற்கு மிக அருகில் வந்த ஏற்பாடு இது. ஆனால் யாரையும் விரட்டவில்லை. அவரவர் வசதிப்படி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இது கேட்பதற்குச் சுலபம். செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு தளங்கள் இருக்கலாம். பெர்த் ஒன்றுதான் இருக்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸின் எஸ்-5 பெட்டியில் 33-ஆம் எண்ணைப் பழைய தளத்தில் ஒருவரும் புதிய தளத்தில் இன்னொருவரும் வாங்கிவிட்டால், விழுப்புரத்துக்கு முன்பே சண்டை வந்துவிடும். ஆகவே இடத்தை ஒதுக்கும் வேலை இரண்டு தளத்துக்கும் பின்னால் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். நல்லவேளையாக அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. இடம் கொடுப்பது ஐ.ஆர்.சி.டி.சி. அல்ல, கிரிஸ் நடத்தும் பயணியர் முன்பதிவு அமைப்பு. மூர் மார்க்கெட் வளாகத்தில் குமாஸ்தா தட்டுவதும், மன்னார்குடியில் ஒருவர் கைபேசியில் தட்டுவதும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. தளம் கேட்கும், அமைப்பு பதில் சொல்லும். கேட்கிறவர் புதியவரா பழையவரா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

நடுவில் பணம் இருக்கிறது. பயணி வங்கிப் பக்கத்துக்குப் போய், ஓ.டி.பி. போட்டு, திரும்பி வருவதற்குள் ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ ஆகலாம். அந்த இடைவெளியில் பழைய சர்வரை நிறுத்தினால், பணம் போயிருக்கும், டிக்கெட் வந்திருக்காது. எனவே புதியதைத் திறப்பது ஒரு வேலை என்றால், பழையதில் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வேலை முடித்து வெளியேறும்வரை விளக்கை அணைக்காமல் இருப்பது இன்னொரு வேலை. புதிதாக யாரையும் உள்ளே விடாமல், உள்ளே இருப்பவரை அவசரப்படுத்தாமல் மெதுவாக மூட வேண்டும். திறந்திருக்கும் எந்தத் தளத்தை மாற்றுகிறவர்களும் கூட்டம் குறைந்த நேரத்துக்குக் காத்திருப்பது இதனால்தான்.

அந்த நேரம் இந்தத் தளத்துக்கு ஒவ்வொரு இரவும் வாய்க்கிறது. 11:45 மணிக்கு முன்பதிவு நிற்கும், 12:20-க்குத் திறக்கும். முன்பு அது 11:30 முதல் 12:30 வரை ஒரு மணி நேரமாக இருந்தது. நாள் மாறும் கணக்கும் பராமரிப்பும் அந்த இடைவெளியில்தான். பெரிய மாற்றத்துக்கு இந்த 35 நிமிடம் போதாது. போதாமல் போன சந்தர்ப்பம் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஓடிய ரயில்கள் எல்லாம் ‘சிறப்பு ரயில்’ என்ற பெயரில் ஓடின. எண்ணின் முதல் இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். 2021 நவம்பரில் எல்லாவற்றையும் பழைய எண்ணுக்கே திருப்ப முடிவானது. ஏதோ பலகையை மாற்றுவதுபோல் தோன்றும். ஆனால் வரும் மாதங்களுக்குப் பூஜ்ஜிய எண்ணில் டிக்கெட் வாங்கிவைத்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய பதிவும் புதிய எண்ணுக்குப் போக வேண்டும். பெர்த் மாறக் கூடாது. வெயிட்டிங் லிஸ்ட் வரிசை குலையக் கூடாது. அதே சமயம் பகலில் விற்பனையும் நடக்க வேண்டும். அதற்காக அந்த மாதம் 14-ஆம் தேதி இரவு தொடங்கி ஏழு இரவுகள், 11:30 முதல் காலை 5:30 வரை முன்பதிவு அமைப்பை நிறுத்தினார்கள். இரவில் ஆறு மணி நேரம் வேலை, காலையில் கடை திறப்பு, மறுபடி இரவில் வேலை. எண் மாறிய செய்தி பயணிகளுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் போனது. காலையில் தளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரவில் நடந்தது எதுவும் தெரிந்திருக்காது. இந்த மாதிரி வேலையில் பாராட்டு என்பதே அவ்வளவுதான்.

மறுபடி 2018-க்கு. புதிய முகப்பு நல்லதா? எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், வெயிட்டிங் லிஸ்ட் உறுதியாக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் என்றெல்லாம் பட்டியல் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் உருப்படியான மாற்றம் ஒன்றுதான்: உள்ளே நுழையாமலே ரயிலையும் காலியிடத்தையும் பார்க்கலாம் என்றாக்கியது. அதற்கு முன் இந்தத் தளத்தில் பயனர்பெயர், கடவுச்சொல், கோணல் எழுத்து எல்லாம் போட்ட பிறகுதான் திருநெல்வேலிக்கு இடம் இருக்கிறதா என்றே கேட்க முடியும். விசாரிக்க மட்டும் வருகிறவர்கள் ரயில்வேயின் வேறொரு தளத்துக்குப் போவார்கள், அல்லது தனியார் செயலிகளிடம் போவார்கள். ஜவுளிக்கடையில் புடவையை எடுத்துக் காட்டுவதற்கே பெயர், விலாசம் கேட்டால் யார் வருவார்கள்? இந்தச் சின்ன விஷயம் புரிய 16 ஆண்டுகள் ஆயின.

ஆனால் திட்டும் நிறைய வந்தது. முக்கியமாக, அந்தத் தளத்தை மிக நன்றாக அறிந்தவர்களிடமிருந்து. பழையது அசிங்கமாக, நெருக்கமாக, நீலக் கட்டங்களாக இருந்தது உண்மை. ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கிறவருக்கு அது மனப்பாடம். எத்தனை முறை டேப் விசையைத் தட்டினால் வயது, எத்தனை தட்டினால் பெர்த் என்று திரையைப் பார்க்காமலே போடுவார். பத்து மணி அடித்த இரண்டாவது நிமிடத்தில் பட்டியல் காலியாகிவிடும் உலகத்தில் அது அழகைவிடப் பெரிய சொத்து. புதிய தளம் அவருடைய விரல்களுக்குத் தெரிந்ததை ஒரே நாளில் செல்லாததாக்கியது. அவரை நம்பிப் பெயரும் வயதும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அதில் நஷ்டம்தான். பழைய தளத்தைக் கொஞ்ச காலம் கூடவே ஓடவிட்டதன் அருமை இங்கேதான் தெரிகிறது. கற்றுக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைத்தது.

அடுத்த புதுப்பிப்புக்கு முன் ஒரு சோதனை வந்தது. 2020 மே 12 முதல் டெல்லியை மற்ற நகரங்களோடு இணைக்கும் 15 ஜோடி ரயில்களை ஓட்டுவதாக அறிவித்தார்கள். கவுன்டர்கள் எல்லாம் மூடியிருந்தன. டிக்கெட் தளத்தில் மட்டும்தான். முந்தைய நாள் மாலை 4 மணிக்குத் திறக்கும் என்றார்கள். 6 மணிக்குத்தான் திறக்க முடிந்தது. அந்த இரண்டு மணி நேரம் நாட்டில் ரயிலுக்கு வேறு வாசலே இல்லை. தளம் ஒரு வசதி என்ற நிலை மாறி அதுவே நிலையமாகிவிட்டது அன்றைக்குத்தான். சுமார் பத்து நாள் கழித்துக் கவுன்டர்கள் திறந்தன. ஆனால் அந்தப் பழைய கூட்டம் அங்கே திரும்பவில்லை.

அதே 2020-இன் கடைசி நாளன்று மறுபடி முகம் மாற்றினார்கள். இப்போது எல்லா வகுப்புகளின் கட்டணமும் காலியிடமும் ஒரே பக்கத்தில், கூடவே உணவு, ஓட்டல், ஓய்வறை, பக்கவாட்டில் விளம்பரங்கள். வேகத்துக்காக ஓர் உபாயமும் செய்தார்கள். காலியிட நிலவரத்தை ஒவ்வொரு முறையும் பின்னால் போய்க் கேட்காமல், கடைசியாகக் கேட்டதைச் சேமித்துவைத்துக் காட்டுவது. அதனால்தான் சில கட்டங்களில் பழைய நிலவரம் இருக்கும், புதுப்பிக்கச் சொல்லும். விவரம் தெரிந்தவர் தட்டிப் புதுப்பிப்பார். தெரியாதவர் சற்று முன்பிருந்த 12 காலியிடத்தை நம்பிப் பெயர்களையெல்லாம் அடித்து முடித்து, வெயிட்டிங் லிஸ்டில் போய் விழுவார். கூட்டத்தைச் சமாளிக்க இது நியாயமான வழிதான். ஆனால் அந்தக் கட்டத்தில் எத்தனை நிமிடத்துக்கு முந்தைய தகவல் என்பது கண்ணில் அறைகிற மாதிரி இருக்க வேண்டும்.

இவ்வளவும் மாறிய பிறகும் தளத்தின் உள்ளே பழைய கவுன்டர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் ஆறு பேர்; கவுன்டரில் எழுதிக் கொடுத்த முன்பதிவுப் படிவத்திலும் ஆறு பேருக்குத்தான் இடம். பெயர், பால், வயது, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா என்று அந்தத் தாளின் கேள்விகள்தான் இன்றும் திரையில். ஊர்ப்பெயர் அடித்தால் பக்கத்தில் வரும் குறியீடும் அதே. சென்ட்ரலுக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டினார்கள், நிலையத்தின் குறியீடு இன்னும் எம்.ஏ.எஸ்., மெட்ராஸ்தான். எழும்பூருக்கு எம்.எஸ். ஊரின் பெயர்ப்பலகைகள் எல்லாம் சென்னையாகி முப்பது ஆண்டுகள் நெருங்கினாலும், டிக்கெட் கணினி மெட்ராஸிலிருந்துதான் வண்டியை அனுப்புகிறது. மாற்ற முடியாது என்றில்லை. அந்தக் குறியீடுகளைத் தொட்டால் டிக்கெட், சார்ட், சரக்கு, கட்டுப்பாட்டு அறை என்று எங்கெங்கே என்னென்ன அறுந்துபோகும் என்று யோசித்து யாரும் கைவைக்கத் துணிவதில்லை என்று நினைக்கிறேன்.

அதிகம் மாறாத இன்னொன்று பெர்த்துகளின் எண்ணிக்கை. பெரம்பூரில் செய்த பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 இடம், புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்மாவட்ட ரயில்கள் 8 மணிக்குச் சில நிமிடங்களில் நிரம்புவதற்குத் தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தளம் நன்றாக வேலை செய்தால் அவை இன்னும் சீக்கிரம் நிரம்பும். 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. இதுவரை எட்டாத எண்ணிக்கை என்று ரயில்வே பெருமையோடு அறிவித்தது. அதே சமயத்தில் சொன்ன இன்னொரு தகவல்: தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை மனிதர்களே இல்லை, தானியங்கி நிரல்கள். மூர் மார்க்கெட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் குறைந்தபட்சம் துண்டாவது வாங்கினான்.

அந்த நிரல்களுக்குப் பதிலடியாக வந்தது ஆதார். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் தட்கல். ஜூலை 15 முதல் ஓ.டி.பி.யும் சேர்ந்தது. அக்டோபரில் வழக்கமான முன்பதிவிலும் முதல் 15 நிமிடத்துக்கு அதே விதி வந்தது. முன்பதிவுக் காலமும் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பரில் குறைந்திருந்தது. இதையெல்லாம் நிர்வாக முடிவு என்று வகைப்படுத்துவார்கள். ஆனால் சிறு கைபேசியோடு வரும் ஒரு பாட்டிக்கு, வாசலின் அகலம் மாறியிருக்கிறது. பட்டன் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிட அது பெரிய வடிவமைப்பு.

இப்போது பேசப்படுவது இதுவரை நடந்ததைவிடப் பெரிய வேலை. பின்னால் இருக்கும் முன்பதிவு அமைப்பையே மாற்றுகிறார்கள். 2010-ல் நிறுவிய அது, இட்டானியம் சர்வர்களில், ஓப்பன் வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தில் ஓடுவதாக ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். இன்டெல் இட்டானியம் சில்லுகளை அனுப்புவதை 2021-லேயே நிறுத்திவிட்டது. ஓப்பன் வி.எம்.எஸ்.ஸின் வேர் எங்கே போகிறது என்று பார்த்தால், 1985-ல் டெல்லியில் வைத்த அந்த வாக்ஸ் கணினிகளுக்காக எழுதியதில் போய் முடிகிறது. அதாவது வாசல் பலமுறை மாறியது. அடித்தளம் ஒரே வம்சம். அதைத்தான் இப்போது பெயர்க்கிறார்கள். புதியதில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட், 40 லட்சம் விசாரணை என்று 2025-ல் அறிவித்தார்கள். அந்த ஜூலை 1 அன்று ரயில்ஒன் செயலியும் வந்தது. முன்பதிவு, சாதாரண டிக்கெட், நடைமேடை டிக்கெட், ரயில் எங்கே வருகிறது என்ற விசாரணை எல்லாம் ஒன்றிலேயே.

2018-ல் முகப்பு மாறும்போது, இடம் ஒதுக்கும் அமைப்பு அசையாமல் நின்றதுதான் தைரியம் கொடுத்தது. இந்த முறை அசைவது அதுவே. பழையதில் ஒதுக்கிய ஒவ்வொரு பெர்த்தும், ஒவ்வொரு ஆர்.ஏ.சி. பாதி இருக்கையும், ரத்தானவருக்குப் போக வேண்டிய ஒவ்வொரு ரூபாயும் புதியதில் அதே இடத்தில் இருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு லட்சக்கணக்கானவர்கள் வாங்கிக்கொண்டிருக்கும்போதே. 2021-இன் ஏழு இரவுகள் ரயில் எண்ணை மாற்றுவதற்கு மட்டும் தேவைப்பட்டவை.

புதிய அமைப்பு பல மொழிகளில் பேசும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். 2020 புதுப்பிப்பில் முகப்பின் மேல் மூலையில் இருந்தது இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் பொத்தான் மட்டும்தான். தமிழ்நாட்டு கவுன்டரில் நீட்டிய அந்த ஆறு பேர் படிவம் தமிழிலும் அச்சாகி வந்தது. தமிழில் எழுதிக் கொடுத்தாலும் குமாஸ்தா படித்து டிக்கெட் கொடுத்தார். தளத்துக்கு வந்த கணத்தில் அந்த வசதி போய்விட்டது. அதற்காக யாரும் வரிசையில் நின்று சண்டை போட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் வரிசையே கண்ணுக்குத் தெரியவில்லை. புதியது வந்ததும் நான் முதலில் தட்டிப் பார்க்கப்போவது வேகத்தை அல்ல. புறப்படும் இடம் என்ற கட்டத்தில் ‘எழும்பூர்’ என்று தமிழில் அடிப்பேன்.